எங்க சாருக்கு ஏத்த மவுத்பீஸ்

நீங்க பேசாதீங்க, பஞ்சு விழுந்திரும். டாக்டர் அரை மணி நேரம் கடிச்சிக்கிட்டே இருக்கச் சொன்னாருல்லா, கடிச்சிக்கிட்டு இருங்க. நான் பேசுதேன். கேக்கதுக்குப் பல்லு வேண்டாம்.

கடவாய்ப் பல்லா? சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க. ஆங். வீங்கத்தான் செய்யும். நாளைக்கு இன்னும் வீங்கும். பயப்படாதீங்க.

இப்ப உள்ள போனாவள்லா, வெள்ளைச் சட்டை, ஒல்லியா, அது எங்க சார். எங்க வீட்டுக்காரர்தான். ஊரே சார் சார்னு கூப்பிட்டு எனக்கும் அதுவே வாயில வந்துட்டு. பேரு ஆசீர். பிசிக்ஸ் வாத்தியாரு, ரிட்டையர் ஆயாச்சி. கீழ் வரிசைப் பல்லுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஆம்பளைய தானா பல் டாக்டர்ட்ட வந்து எங்கயாவது பாத்திருக்கீங்களா? மேல் வரிசை போன வருசமே முடிச்சாச்சி. இதே டாக்டர்தான். தங்கமான வேலை. வெளிய வந்ததும் சிரிக்கச் சொல்லுதேன், பாருங்க.

எனக்கும் வேலை கிடையாது, உங்களுக்கும் வாய் கிடையாது. போன வருசம் பூரா நான் பட்ட பாட்டச் சொல்லுதேன், கேளுங்க.

உங்களுக்கு பிரெஞ்சு ஹார்ன் தெரியுமா? தெரியாதா? குடுத்து வச்சவங்க.

சர்ச் ஆர்கெஸ்ட்ராவுல வயலின்காரங்களுக்குப் பின்னால, தூணு மறைப்புல, ஒரு ஆளு பித்தளைக் குழாய ஜாங்கிரி மாதிரி சுத்தி மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். அந்த ஆளு எங்க சார். அந்த ஜாங்கிரி ஹார்ன். ஒரு பக்கம் வாய வச்சி ஊதணும். இன்னொரு பக்கம் தாமரைப்பூ மாதிரி விரிஞ்சிருக்கும், அதுக்குள்ள வலது கைய நுழைச்சிக்கிட்டு இருக்கணும், கோழி சுத்தம் பண்ணுத மாதிரி. கல்யாணமான புதுசுல கேட்டேன், 'எதுக்கு அத்தான் கைய உள்ள விடுதிய?'ன்னு. 'சத்தத்த மெத்துன்னு ஆக்கதுக்கு'ன்னாவ. சத்தம் கம்மியா வேணும்னா ஊதாம இருந்தாப் போதும்லா? அதையும் கேட்டேன். பிசிக்ஸ் படிச்சவியளுக்கு இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் பதில் வராது.

அதுல வாய் வைக்குத இடத்துல, தனியாக் கழத்தி மாட்டுத மாதிரி ஒரு சின்னப் புனல் இருக்கும். எண்ணெய் ஊத்துத புனல் மாதிரியேதான், ஒரு விரல் நீளம். அதுக்குப் பேருதான் மவுத்பீஸ். எங்க வீட்டுல நடந்த கூத்து பூராவும் அந்த விரல் நீளச் சாமானாலதான்.

கூத்துக்கு முன்னால கல்யாணத்தச் சொல்லிருதேன். எங்க மக ஜாய்லினுக்குப் போன மே மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மெட்ராஸ். அங்க எல்லாருக்கும் பல்லு அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். குடும்பத்தோட டூத்பேஸ்ட் விளம்பரத்துக்குப் போலாம். எங்க சாருக்கு மேல் வரிசையில முன் பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கால் போட்டு உக்காந்திருக்கும். என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே நான் பாத்தேன். பேசாம இருந்தேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகுத வரைக்கும் பேசாம இருந்தேன்னா என் பொறுமையப் பாத்துக்கிடுங்க.

இப்ப உள்ள போட்டோக்காரன் லேசுப்பட்டவனா? சும்மா நின்னா விடமாட்டான். சிரிங்க அங்கிள், இன்னும் சிரிங்க அங்கிள்னு கழுத்தப் பிடிப்பான். நம்மாளு வாய மூடிக்கிட்டு நின்னாவன்னா, பொண்ண வேண்டா வெறுப்பாக் குடுக்காவன்னுல்லா நினைப்பாங்க. அதனால பல்ல ராவித் தேச்சி, மேல உறை மாதிரி கேப் போட்டுருவோம்னு நான் சொன்னேன்.

'அவசியமா ஹெப்சி?'ன்னாவ. ஹெப்சிபான்னு எம்பேரு.

'அவசியம்'ன்னேன்.

'இல்ல, ஊதுததுக்கு...'ன்னு என்னமோ ஆரம்பிச்சாவ.

'ஊதுததுக்குக் காத்து போதும். போட்டோவுக்குத்தான் பல்லு வேணும்'ன்னேன்.

'சரி'ன்னாவ. எங்க வீட்டுல வாக்குவாதம்னா அவ்வளவுதான். சண்டை போடத் துப்பு இல்லாத ஆளக் கட்டிக்கிட்டு நான் படுத பாடு உங்களுக்குப் புரியாது.

ஆனா போட்டோ பாருங்க. இன்னொரு நாளு வாங்க, ஆல்பம் காட்டுதேன். மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் பக்கத்துல எங்க சார் நிக்காவ, ரெண்டு பேரும் சிரிக்காவ, யாரு மெட்ராஸ் யாரு பாளையங்கோட்டைன்னு தெரியாது. எத்தன பேரு என்கிட்ட வந்து கேட்டாங்க, சாருக்கு என்ன பண்ணுனிய, பத்து வயசு கொறஞ்சிட்டுல்லான்னு.

கல்யாணம் முடிஞ்சி எல்லாரும் ஊருக்குப் போயாச்சி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க சார் ஆர்கெஸ்ட்ரா பிராக்டிஸுக்குப் போனாவ. கல்யாண வேலையில ஹார்னத் தொடவே இல்ல, ரெண்டு மாசம் கழிச்சிப் போறாவ. திரும்பி வந்து ஷூவக்கூடக் கழத்தாம நாற்காலியில உக்காந்து சொல்லுதாவ, 'ஹெப்சி, மவுத்பீஸ் சரியில்ல.'

மறுநாள் மாடியில ஊதினாவ. கன்னுக்குட்டியக் கட்டி லாரியில ஏத்துத மாதிரி ஒரு சத்தம். ஒரு சத்தத்துக்குப் போனா இன்னொரு சத்தத்துல போய் இடிக்கி. பக்கத்து வீட்டு அம்மா சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து, சாருக்கு ஒடம்பு சரியில்லியான்னு கேக்கா.

எனக்கு வந்துதே கோவம். அந்த மவுத்பீஸ் ஹார்னோட சேத்து சர்ச்சுல குடுத்தது. ஜாய்லின் பொறக்கதுக்கு முந்தி இருந்து எங்க சார் அதுலதான் ஊதுதாவ. 'இத்தன வருசம் நல்லா இருந்த மவுத்பீஸ், கல்யாணம் முடிஞ்ச ஒடனே கெட்டுப்போச்சுன்னா என்ன அர்த்தம்? நடுவுல என்ன நடந்துச்சி? மாப்பிள்ளை வந்த ராசியா?'ன்னு கேட்டேன்.

என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாவ. பெறகு, 'ராசியெல்லாம் இல்ல ஹெப்சி. பித்தளை தேயும்'ன்னாவ.

ஏன், வலிக்கா? கண்ண உருட்டுதீங்களே. கொஞ்சம் அழுத்திக் கடிங்க. வலி குறையும்.

அன்னையில இருந்து ஆரம்பிச்சிது. பார்சல் மேல பார்சல். கொண்டு வாரவனுக்கு எங்க வீட்டு நாயப் பேரு சொல்லிக் கூப்பிடுத அளவுக்குப் பழக்கம் ஆயிட்டு. சாப்பாட்டு மேசையில மவுத்பீஸா வரிசைக்கு நிக்கி. எனக்கு எல்லாம் ஒண்ணுதான். எங்க சாருக்கு ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. ஒதட்டுல படுத வளையத்துக்குப் பேரு ரிம்மாம். ஒண்ணுக்கு ரிம் ஒல்லி, ஒண்ணுக்குத் தடி. ஒண்ணுக்குக் குழி ஆழம், ஒண்ணுக்கு மேலாக. ஆழமா இருந்தா சத்தம் இருட்டாம், மேலாக இருந்தா வெளிச்சமாம். சத்தத்துல ஏது இருட்டும் வெளிச்சமும்? கரண்ட் போனாத் தெரியுமே இருட்டு. பள்ளிக்கூடத்துல வச்சிருந்த வெர்னியர் காலிப்பர எடுத்து உள்வட்டத்த அளந்து அளந்து பாக்காவ. 'இதுக்கும் இதுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம், அதுதான் ஒதட்டுல ஒக்கார மாட்டேங்கு'ன்னாவ.

'அரை மில்லிமீட்டர் மாறினதுக்கா இந்தப் பாடு? ஒங்க வாயி என்ன கடிகாரக் கடையா?'ன்னேன்.

'வாய்க்குத் தெரியும் ஹெப்சி'ன்னாவ.

தெரியுமாம். உப்புப் போடாத குழம்ப ரெண்டு தடவ ஊத்திச் சாப்பிட்ட வாயி அது. நான்தான் சாப்பிட ஒக்காந்தப்ப கண்டுபிடிச்சேன்.

ஒரு நாளு அவசரத்துக்கு மேசையில இருந்து ஒண்ண எடுத்து, தேங்காயெண்ணெயப் பாட்டில்ல ஊத்துனேன். ஊத்துததுக்கு நல்லாத்தான் இருந்துச்சி, சும்மா சொல்லக்கூடாது. வாங்கினதுல அது ஒண்ணாவது பிரயோசனப்பட்டுதேன்னேன். வாங்கிச் சோப்புப் போட்டுக் கழுவினாவ. திட்டினாக் கூட மனசு ஆறும். கழுவுதாவ!

இன்னொரு நாளு காலைல பாத்ரூம் கதவு லேசாத் திறந்திருக்கு. எங்க சார் கண்ணாடி முன்னால நின்னு மேலுதட்டத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, அந்தப் புதுப் பல்லு ரெண்டையும் விரலால தடவித் தடவிப் பாக்காவ. நான் இட்லி ஊத்தி அவிச்சி எடுத்துட்டு வாரேன், இன்னும் அதே இடத்துல நிக்காவ. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். மனுசனுக்கு இந்த வயசுலயாவது தன் மூஞ்சி மேல ஒரு அக்கறை வந்துச்சேன்னு. ஆனா ஒண்ணு, வீட்டுல மட்டும் இன்னும் பழைய மாதிரி வாய மூடிக்கிட்டுத்தான் சிரிக்காவ. பழக்கதோசம்.

என்னது? பேசாதீங்கன்னு சொன்னம்லா. பஞ்சு நனைஞ்சிட்டா? அந்த நர்சுப் பிள்ளைட்ட வேற கேட்டு வாங்கித் தாரேன். இல்லியா? சரி, சரி, இருங்க.

செப்டம்பர் மாசம் கிளாட்வின் வந்தான். அவன்தான் கொயர் மாஸ்டர், ஆர்கெஸ்ட்ராவும் அவன் பொறுப்புதான். எங்க சார்ட்ட பிளஸ் டூ படிச்சவன். ஒரு பெரிய டப்பா பிஸ்கட்டத் தூக்கிக்கிட்டு வந்தான். பிஸ்கட்டப் பாத்த ஒடனே எனக்கு வெளங்கிட்டு. நல்ல சேதிக்கு எவன் பிஸ்கட் வாங்கிட்டு வாரான்?

கிறிஸ்மஸ் ஆராதனை ஆரம்பிக்கும்போது, கொயர் உள்ள வாரதுக்கு முந்தி, தனியா ஹார்ன் மட்டும் கொஞ்சம் வாசிக்கும். வருசா வருசம் எங்க சார்தான். அத இந்த வருசம் ட்ரம்பெட்டுக்குக் குடுத்திருவோமான்னு கேக்கான். அதையும் நேராக் கேக்காம, பாட்டு ஸ்கேல் மாத்தி இருக்கு சார், மைக் வேற புதுசு சார்னு ஊரச் சுத்தி வாரான்.

'குடுப்பா'ன்னாவ எங்க சார்.

'சார் இந்த வருசம் ஓய்வா உக்காந்து கேக்கட்டும்னுதான்...'

'சரிப்பா.'

நான் காபிய மேசையில வச்சேன். 'ஏம்ப்பா கிளாட்வின், சர்ச்சுல ஓய்வா உக்காந்து கேக்கதுக்குத்தான் பிரசங்கம் இருக்கே'ன்னேன். காபி குடிக்காமலே போயிட்டான். போகட்டும். பிஸ்கட்ட வச்சிட்டுத்தான் போனான்.

எங்க சார் அன்னைக்கு ஒண்ணுமே பேசல. எப்பவும் ஒண்ணும் பேசமாட்டாவதான், ஆனா இது வேற பேசாமை. முப்பது வருசம் கூட இருந்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்லா. எனக்குப் பொறுக்கல. மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன். 'ஒங்க மாமாவுக்கு ஒரு மவுத்பீஸ் வேணும். ஊர்ல உலகத்துல எங்க கெடைக்கும்னு பாருங்க'ன்னேன். மாப்பிள்ளை தங்கம். ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிட்டாரு. மெட்ராஸ்ல மிருதுளான்னு ஒரு பிள்ளை, ஹார்ன் வாசிக்கதே அவளுக்குத் தொழில், சொல்லியும் குடுக்கா. அவ கிட்ட ஒரு பெட்டி நிறைய மவுத்பீஸ் இருக்காம். ஊதிப் பாத்து எடுத்துக்கிடலாமாம்.

பூஜை லீவுக்குப் போனோம். ரயில்ல எனக்கும் எங்க சாருக்கும் நடுவுல ஹார்ன் பெட்டி. அதுக்கு ஜன்னலோரம்.

அந்தப் பிள்ளைக்கு முப்பது வயசு இருக்கும். தலைமுடியக் கத்தரிச்சி விட்டிருந்தா, ஆனா மரியாதை தெரிஞ்ச பிள்ளை. 'முதல்ல உங்க பழைய மவுத்பீஸ்லயே ஒரு நோட் ஊதுங்க சார். மெதுவா, நீளமா'ன்னா. ஊதினாவ. கன்னுக்குட்டிதான். அவ மூஞ்சியச் சுளிக்கல. காதக் குடுத்துக் கேட்ட மாதிரியும் தெரியல. எங்க சார் வாயவே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தா.

'சார், பல்லுல ஏதாவது வேலை பார்த்தீங்களா?'ன்னா.

எங்க சார் என்னைய ஒரு தடவ பாத்தாவ. 'இல்லம்மா'ன்னாவ.

எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. இவ்வளவு நல்லாப் பண்ணி வச்சிருக்கு, சொல்லதுக்கு என்ன வெக்கம்? 'என்ன இல்ல? அம்மா, மேல முன்னால ரெண்டு பல்லும் புதுசு. எங்க ஊரு டாக்டர் போட்டது. மெட்ராஸ்ல கூட இப்படிப் போடமாட்டாங்க. காட்டுங்க அத்தான், காட்டுங்க'ன்னேன். பாவம் போல வாயத் திறந்து காட்டினாவ.

அந்தப் பிள்ளை பாத்தா. 'எப்ப மேடம் போட்டீங்க?'ன்னா. கல்யாணத்துக்குன்னேன். 'ஓ'ன்னா. பெறகு எங்க சாரப் பாத்து, 'சார், ரிம் ஒதட்டு மேல உக்காருது, ஒதடு பல்லு மேல உக்காருது. இத்தனை வருஷமா உங்க ஒதடு அந்தப் பழைய பல்லு இருந்த வாகுக்குத்தான்...'ன்னு ஆரம்பிச்சா.

எங்க சார் இருமினாவ. 'அது ஒண்ணும் இல்லம்மா. தடி ரிம்மா ஏதாவது இருந்தாப் பாப்போம்'ன்னாவ.

அவ என்னையப் பாத்தா, எங்க சாரப் பாத்தா, பேச்ச நிப்பாட்டிட்டா. சின்னப் பிள்ளை, என்னமோ சொல்ல வந்தா. பல்லுக்கும் ஊதுததுக்கும் என்ன சம்பந்தம்? எங்க தெருவுல பல்லே இல்லாத ஒரு தாத்தா பலூன் ஊதி விக்காரு. அதையும் நான் அவ கிட்ட சொன்னேன். சிரிச்சா.

பெறகு ஒரு வேலை பண்ணுனா பாருங்க. எங்க சாரச் சுவத்தப் பாத்து நிக்க வச்சிட்டா. பள்ளிக்கூடத்துல எத்தன பயலுவள நிக்க வச்சிருப்பாவ, இன்னைக்கு அவியளுக்கே. ஒவ்வொரு மவுத்பீஸா எடுத்து, அதுல போட்டிருக்க நம்பர ஒட்டி மறைச்சி, கையில குடுக்கா. 'நம்பர் தெரிஞ்சா நீங்க ஊத மாட்டீங்க சார், உங்க மூளைதான் ஊதும்'ங்கா. ஒண்ணுல சத்தம் உச்சிக்கு நல்லாப் போச்சி. எங்க சாருக்கே ஒரு இது வந்துட்டு, 'இது...'ன்னு திரும்பினாவ. 'உச்சியில பளிச்சுன்னு வர்றத நம்பாதீங்க. ஊதி ஊதி ஒதடு களைச்ச பிறகும், கீழ, மெதுவா, நடுங்காம வருதா பாருங்க. அதுதான் உங்களுது'ன்னு அதப் பிடுங்கி வச்சிட்டா.

மதியம் தாண்டிட்டு. எனக்குப் பசி. பட்டுச் சேலை எடுக்கக்கூட நான் கடைக்காரன இவ்வளவு நேரம் நிக்க வச்சதில்ல. பெவினுக்கு, அது எம் மகன், பெங்களூர்ல இருக்கான், அவனுக்கு மெசேஜ் அடிச்சிக்கிட்டு இருந்தேன், ஒங்க அப்பா சுவத்தப் பாத்து ஊதுதாவன்னு. அப்ப அடுத்த மவுத்பீஸ ஊதினாவ.

நிமிந்து பாத்துட்டேன். வேற ஒண்ணுமில்ல. நிமிந்து பாத்தேன்.

ஒரே ஒரு சத்தம்தான். கீழ, மெதுவா. வந்து, அப்படியே நின்னு, பைய அடங்கிட்டு. அந்தப் பிள்ளை அடுத்ததக் கையில எடுக்கல. எங்க சாரும் திரும்பல. முதுகு மட்டும்தான் தெரியுது. சட்டை நனைஞ்சி முதுகோட ஒட்டியிருந்துச்சி. பெவினுக்கு அடிச்ச மெசேஜ அனுப்பாமலே விட்டுட்டேன்.

அந்த மவுத்பீஸப் பாக்கணுமே நீங்க. முலாம் போயி அங்கங்க மஞ்சள் தெரியுது. ரிம் நல்ல தடி, உருண்டை. அவ சின்ன வயசுல ஊதினதாம். உள்வட்டம் எங்க சாரோட பழசுக்கு எவ்வளவு பெருசுங்கீங்க? அரை மில்லிமீட்டர்! வீட்டுல அத்தன புதுசு பளபளன்னு மேசையில நிக்கி, எங்க சாருக்குப் பிடிச்சது அடுத்தவ போட்ட பழசு.

'மவுத்பீஸ் பாதி வேலைதான் சார் செய்யும். மீதி நீங்க செய்யணும். முதல் நாள் கத்துக்கிட்ட மாதிரி ஒத்த நோட்டுலருந்து ஆரம்பிக்கணும்'ன்னா. கீழ்ப் பல்லப் பத்தியும் என்னமோ சொன்னா. நல்லவேளை அது அப்படியே இருக்கு, அதுதான் இப்போ தாங்குது, அதுல மட்டும்... அப்படி என்னமோ. நான் அப்பத்தான் பெட்டியப் பூட்டக் குனிஞ்சேன். சரியாக் காதுல விழல.

ரயில்ல வரும்போது நேராவே கேட்டுட்டேன். மனசுல வச்சிக்கிடுத ஆளு நான் கிடையாது. 'அத்தான், அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி, பல்லாலயா?'

'சே, பல்லால இல்ல. மவுத்பீஸ்தான்'ன்னாவ. ஜன்னலப் பாத்துக்கிட்டே சொன்னாவ.

அவ்வளவுதான், தீந்துது. வாத்தியாரு பொய் சொல்லுவாவளா? சொல்லுவாவதான், அந்தப் பிள்ளைட்ட பல்லு வேலை பாக்கலன்னு சொன்னாவள்லா. ஆனா என்கிட்ட எதுக்குச் சொல்லணும்?

நீங்க ஏன் இப்படித் தலைய ஆட்டுதீங்க? ஆட்டாதீங்க, ரத்தம் நிக்காது.

ஊருக்கு வந்தோம். விடிஞ்ச ஒடனே மாடியில ஒத்தச் சத்தம். ஒரே சத்தம். மாசக்கணக்கா. கப்பல் கெளம்பப் போகுது கெளம்பப் போகுதுன்னு சொல்லிட்டுக் கெளம்பாமலே நின்னா எப்படி இருக்கும், அப்படி. கிறிஸ்மஸுக்குள்ள சரியாகல. ட்ரம்பெட்தான் வாசிச்சிது. எங்க சார் என் பக்கத்துல வந்து உக்காந்தாவ. கல்யாணமாகி முதத் தடவையா கிறிஸ்மஸ் ஆராதனையில நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்திருக்கணும்? எங்க! பாட்டுப் புத்தகத்த வேற பக்கத்தத் திறந்து வச்சிக்கிட்டு, இடது கை விரல் மூணையும் புத்தக அட்டை மேல அமுக்கிக்கிட்டே இருக்காவ, ஹார்ன்ல அமுக்குத மாதிரி. நான்தான் சரியான பக்கத்த எடுத்துக் குடுத்தேன். குடுத்ததுக்கு ஒரு தேங்ஸ் இல்ல.

பிப்ரவரி பிறந்த பெறகு சத்தம் வந்துட்டு. எப்ப வந்துச்சின்னு தெரியல. நான் துணி காயப்போட மாடிக்குப் போறேன், ஊதிக்கிட்டு இருக்காவ, நான் பாட்டுக்குக் காயப்போட்டுட்டு வாரேன், கீழ வந்த பெறகுதான் தோணுது, இன்னைக்கு எரிச்சலே வரலியேன்னு.

ஒரு நாளு கேட்டுக்கு வெளிய கிளாட்வின் நிக்கான். பெல்ல அடிக்காம, ஸ்கூட்டர்ல சாஞ்சிக்கிட்டு மாடியப் பாத்துக்கிட்டு நிக்கான். இந்தத் தடவ கையில பிஸ்கட் இல்ல. 'ஆன்ட்டி, ஈஸ்டருக்கு சாருதான்'ன்னான். 'ஏன், மைக்க மாத்திட்டீங்களா?'ன்னு கேட்டேன். அவன் தலையக் குனிஞ்சிக்கிட்டு மாடிக்குப் போனான். எங்க சார் அவன்கிட்டயும் 'சரிப்பா'ன்னாவ. கிறிஸ்மஸ் வாசிப்ப எடுக்கும்போது சொன்ன அதே 'சரிப்பா'. ஆனா அன்னைக்கு ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டாவ.

ஈஸ்டர் எப்ப வருது? இப்ப வார ஞாயிறு விட்டு அதுக்கு அடுத்த ஞாயிறு. அதுக்கு மறு வாரம் பெவினுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு வீட்டுலயும் போட்டோக்காரன் வாரான். அதுக்குத்தான் இப்ப கீழ் வரிசை. மேல நல்லா ஆனதுக்குப் பெறகு கீழ நெருக்கிக்கிட்டு நிக்கது இன்னும் பளிச்சுன்னு தெரியுது. கீழயும் ராவி கேப் போட்டுட்டா முடிஞ்சிது.

போன வாரம் சொன்னேன். 'ஈஸ்டர் முடியட்டுமே ஹெப்சி'ன்னாவ.

'ஈஸ்டருக்கும் பல்லுக்கும் என்ன? பல்லுக்கும் ஊதுததுக்கும் சம்பந்தம் இல்லன்னு நீங்கதான ரயில்ல சொன்னிய?'

'ஆமா.'

'பெறகென்ன?'

'பெறகு ஒண்ணுமில்ல'ன்னாவ.

பாத்தீங்களா, எவ்வளவு லேசா முடிஞ்சிட்டு. ஒத்தப் பைசா வாக்குவாதம் இல்ல.

அது மட்டுமில்ல, ஆளே மாறிட்டாவங்கேன். இன்னைக்குக் காலைல ஊதி முடிச்சிட்டு, அந்தப் பழைய மவுத்பீஸ, அதான் அந்தப் பிள்ளை குடுத்தத, வென்னில போட்டுக் கழுவினாவ. துணியால தொடச்சாவ. ஒரு வெள்ளைக் கைக்குட்டையில சுத்தினாவ. ஹார்னையும் எண்ணெய் போட்டுத் தொடச்சி, பெட்டியில வச்சி, பூட்டி, பெட்டியத் தூக்கி அலமாரி உச்சியில வச்சாவ. ஸ்டூல் போட்டு ஏறி வச்சாவ. நான் பூரிச்சிப் போயிட்டேன். இத்தன வருசத்துல ஒரு சாமான எடுத்த இடத்துல வச்ச மனுசன் இல்ல. வீட்டுக்கு நடுவுல பெட்டி கெடக்கும், அதுல இடிச்சிக்கிட்டே நான் நடந்திருக்கேன். இன்னைக்கு என்னன்னா தானா ஒதுங்க வைக்காவ.

'நாளைக்கும் ஊதணுமே, திரும்பி ஸ்டூல் போட்டு எறக்கணுமே'ன்னேன்.

'பாப்போம்'ன்னாவ.

ஸ்டூலையும் எடுத்துக் கொல்லையில போட்டுட்டாவ.

...

இல்ல. ஒண்ணுமில்ல. என்னமோ யோசிச்சேன்.

நாளைக்கு ஊதணும்லா? ஈஸ்டருக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல. தினம் ஊதாட்டா ஒதடு மறந்துரும்பாவ. மெட்ராஸ்ல இருந்து வந்த பெறகு, காய்ச்சல்ல கெடந்தப்ப கூட ஒரு நாளு விட்டது கிடையாது. அத எதுக்கு அவ்வளவு ஒசரத்துல...

என்ன சொல்லுதீங்க? பேசாதீங்க. பேசாதீங்க அக்கா. எனக்கு வெளங்குது. நீங்க கைய இப்படி இப்படிக் காட்ட வேண்டாம். எனக்கும் கண்ணு இருக்கு.

அது என்ன சத்தம்? ராவுத மிஷினா?

என் பையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க.

...

ம். வந்துட்டேன்.

இல்ல, இன்னும் தொடல. பக்கத்து நாற்காலியில ஒரு பிள்ளைக்குப் பண்ணிக்கிட்டு இருக்காங்க, அந்தச் சத்தம். எங்க சாருக்கு ஊசி மட்டும் போட்டு மரத்துப் போகதுக்காக உக்கார வச்சிருந்தாங்க. நிப்பாட்டச் சொல்லிட்டேன். டாக்டருக்குக் கோவம். 'ஊசி போட்டாச்சும்மா'ங்காரு. 'போட்ட ஊசி போட்டபடி இருக்கட்டும், எங்கயும் போயிராது'ன்னேன். 'ஏம்மா, என்னாச்சு?'ன்னாரு. வீட்டுல அடுப்புல பால வச்சிட்டு மறந்து வந்துட்டேன், இவிய வந்து வண்டி எடுத்தாத்தான் நான் போவ முடியும்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல? நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் நாளு கெடக்கு. தேவைன்னா போட்டோக்காரன்ட்ட தூர நின்னு எடுக்கச் சொன்னாப் போச்சி. கீழ்ப் பல்ல எவன் பாக்கான்? அதுக்காகத்தான் நிப்பாட்டினேன். நீங்க வேற ஒண்ணும் நினைச்சிக்கிடாதீங்க.

எங்க சார் அந்த நாற்காலியில படுத்துக்கிட்டு, வாயத் திறந்தது திறந்தபடி என்னையப் பாக்காவ. எழும்பி வாங்கன்னேன். செருப்ப மாட்டுதாவ, வாராவ.

அன்னா வாராவ பாருங்க. கீழ் ஒதடு தொங்குது. அத்தான், இந்த அக்காவுக்கும் வாயில பஞ்சு, பேச முடியாது. நீங்களும் பேசாதிய. வீட்டுக்குப் போன ஒடனே அலமாரி மேல இருந்து அந்தப் பெட்டிய எறக்கணும். எனக்கு அங்க ஒட்டடை அடிக்கணும்.

என்ன? மெதுவாச் சொல்லுங்க, வாய் கோணுது. ஒண்ணும் வெளங்கல.

பால்காரர் இன்னைக்கு வரவே இல்லியா?

வராட்டா என்ன. வாய மூடிக்கிட்டு வண்டிய எடுங்க.